பிடியில் சுற்றியது அலங்காரம் அல்ல

குதிரைப்படை அதிகாரிகளின் வாள் பற்றிய கட்டுரை அருமை. ஆனால் பிடியில் சுற்றிய மீன்தோல் வெறும் அலங்காரம் என்று எழுதியதை ஏற்க முடியவில்லை. யாழ்ப்பாணக் கரையோரக் குருநகரில் வளர்ந்த எனக்குத் திருக்கைத் தோல் தெரியும். காய்ந்த தோலில் விரல் வைத்தால் மணிமணியாய் இடறும். எங்கட அப்பு பலகை தேய்த்ததே அதாலதான். வியர்வையிலும் மழையிலும் கை வழுக்காமல் இருக்கத்தான் மரப்பிடிக்கு மேல் அந்த மாதிரித் தோலைப் போர்த்தி, வெள்ளிக் கம்பி சுற்றினார்கள். 1796ஆம் ஆண்டு மாதிரியான பிரித்தானிய இலகு குதிரைப்படை வாள் வெட்டுவதற்கென்று வளைந்தது. 1912ஆம் ஆண்டு மாதிரியான குதிரைப்படை அதிகாரி வாளோ குத்துவதற்கென்றே நேரானது. அதன் அலகு, அதாவது பிடி தவிர்ந்த இரும்புப் பகுதி, ஏறத்தாழ 89 சென்ரிமீற்றர் நீளம். குதிரை பாயும் வேகத்தில் குத்தினால் அதிர்வு முழுக்கக் கையில்தான் இறங்கும், பிடி நழுவினால் ஆள் போச்சு. அந்தப் பிடியைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கோ.