பவுல் தனியாக ஓடவில்லை

ஆதித் திருச்சபையைப் பவுல் தனி ஒருவராகக் கட்டி எழுப்பினார் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பர்னபாவை எங்கே விட்டீர்கள்? முன்பு தங்களைத் துன்புறுத்தியவர் என்பதால் எருசலேமில் சீஷர்கள் எல்லோரும் பவுலைக் கண்டு பயந்து ஒதுங்கியபோது, அவரைக் கையோடு அழைத்துப்போய் அப்போஸ்தலரிடம் பரிந்து பேசியவர் அவர்தான். அப்புறம் அந்தியோகியாவில் வேலை பெருகியதும் தர்சு ஊருக்கே போய்த் தேடிப்பிடித்துக் கூட்டி வந்தார். பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் 13-ஆம் அதிகாரத் தொடக்கத்தில் 'பர்னபாவும் சவுலும்' (சவுல் என்பது பவுலின் இன்னொரு பெயர்) என்று வரும் வரிசை அதே அதிகாரத்திலேயே மாறி, பவுல் முன்னால் வந்துவிடுகிறார். தான் வளர்த்துவிட்ட ஆள் தன்னை முந்திப் போனதற்காக பர்னபா முறுக்கிக்கொண்டதாக ஒரு வரிகூட இல்லை, அதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

அதே நூலின் 6-ஆம் அதிகாரமும் இப்படித்தான். கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர்கள் யாரையும் அதட்டவில்லை, ஆட்களைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பையே சபையாரிடம் கொடுத்தார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேருக்கும், ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை, கிரேக்கப் பெயர்கள்! குறை சொன்ன தரப்பின் கையிலேயே பொறுப்பு போனது போலத்தான் தெரிகிறது.

சண்டையே இல்லை என்று சொல்ல வரவில்லை. முன்பு தங்களோடு ஊழியம் செய்த மாற்குவை மறுபடி உடன் அழைத்துப்போவதா வேண்டாமா என்று பவுலும் பர்னபாவும் கடுமையாக மோதிப் பிரிந்தார்கள். ஆனால் பவுலின் பெயரில் தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தில் (கடிதத்தில்), மாற்கு ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமானவன், அவனைக் கூட்டிக்கொண்டு வா என்று இருக்கிறது. ரோம் நகரச் சபைக்குப் பவுல் எழுதிய நிருபத்தில், ரோமர் 16-ஆம் அதிகாரத்தில், பெபேயாள், பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்று 20-க்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி எழுதியவரைத் தனி ஆளாகக் காட்டுவது அவருக்கே நியாயமில்லை.