சூலூர் ரன்வேயும் நம்ம ஊர்க் கோழிக்கழிவும்

கோவை பக்கத்துச் சூலூர் ஏர்போர்ஸ் தளம் என்றாலே தேஜஸ் போர் விமானம், சாரங் ஹெலிகாப்டர் சாகச அணி என்று பெருமையாகப் பேசுவோம். பேச வேண்டியதுதான். இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம் அது. 1945-ல் பிரிட்டிஷ் கடற்படை அதற்கு எச்.எம்.எஸ். வைரி என்று பெயர் வைத்திருந்தது. 1961-ல் நம் கடற்படையின் ஐ.என்.எஸ். ஹன்சா விமானதளம் பிறந்ததும் சூலூரில்தான், கோவாவுக்குப் போனது அப்புறம். 2018-ல் 45-வது ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) பெங்களூரிலிருந்து தேஜஸோடு வந்தது. 2020 மே 27-ல் 18-வது ஸ்குவாட்ரனும் சேர்ந்தது.

அந்தத் தேஜஸுக்கு எஞ்சின் ஒன்றே ஒன்று.

மேலெழும்பும்போது எஞ்சினுக்குள் ஒரு பருந்து போனால் முன்வரிசை விசிறித் தகடுகள் வளையும். ஒன்று உடைந்தாலும் அந்தத் துண்டு பின்வரிசைகளை வெட்டிக்கொண்டே போகும். இரண்டு எஞ்சின் உள்ள விமானம் இன்னொன்றை வைத்துத் திரும்பிவிடும், இதற்கு அந்த வழி இல்லை. 700 கிராம் பருந்து, மணிக்கு 250 கி.மீ. வேகம் என்று கணக்குப் போடுங்கள். 50 கிலோ சிமெண்ட் மூட்டை மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி அது.

பருந்தை வரவழைப்பது நாம்தான். 2 கிலோ உயிர்க்கோழியை வெட்டினால் கறி சுமார் 1.4 கிலோ, மீதி குடல், தலை, இறகு. நாளுக்கு 50 கோழி வெட்டும் கடையில் 30 கிலோ கழிவு. ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லவே வேண்டாம். அதைச் சாக்கில் கட்டி ராத்திரி குளத்தோரம் வீசினால், விடியும்போது நாய் சாக்கைக் கிழிக்கும், காக்கை கூடும், காக்கையைப் பார்த்துப் பருந்து வரும். வெயில் ஏறித் தரை சூடானதும் மேலெழும் வெப்பக்காற்றில் சிறகை அசைக்காமலே வட்டமடித்து விமானம் பறக்கும் உயரத்துக்குப் போய்விடும். ரன்வே பக்கத்தில் பட்டாசு வெடித்து விரட்டினாலும், இரை வேலிக்கு வெளியே கிடக்கும்வரை திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும்.

1937-ம் ஆண்டு விமான விதிகளில் 91-வது விதி, விமானதளத்தைச் சுற்றி 10 கி.மீ.க்குள் பறவையை ஈர்க்கும் கழிவைக் கொட்டக்கூடாது என்கிறது. சூலூர், கலங்கல், கண்ணம்பாளையம் எல்லாம் இதற்குள் வரும். கடைக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்பேன். கொட்ட இடம் காட்டாமல் அபராதம் போட்டால் சாக்கு அடுத்த பள்ளத்துக்குப் போகும், அவ்வளவுதான்.

பண்ணையில் செத்த கோழியைக் குழியில் சும்மா போடாமல் தொட்டியில் அடுக்கி உரமாக்கலாம். அடியில் ஒரு அடிக்குக் காய்ந்த கோழிஎரு, மேலே வைக்கோல், அதன்மேல் ஒரே அடுக்காகக் கோழி, மறுபடி எரு. கோழியைத் தொட்டிச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைக்க வேண்டும். சுவரோரம் சூடு ஏறாது, அங்கே கிடப்பது மக்காது. உள்ளே 55 டிகிரி செல்சியஸாவது வர வேண்டும். தண்ணீர் அதிகமானால் சூடு இறங்கி நாற்றம் கிளம்பும், நாய் தோண்டும்.

கடைக்கழிவுக்கு மூடி போட்ட டிரம் வேண்டும், அதை எடுக்க ஊராட்சியோ பேரூராட்சியோ வண்டி விட வேண்டும். அந்த வண்டி கடை அடைக்கும் நேரத்துக்கே வரணும். மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்தால் நாயும் காக்கையும் முந்தியிருக்கும்.