"ஓரமாப் போ" என்று கத்துகிறவர்களுக்கு

சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அதிகம் கேட்கும் வசனம் "ஓரமாப் போப்பா". கார்க்காரர் கண்ணாடியை இறக்கிச் சொல்வார், பைக்காரர் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்துச் சொல்வார், பஸ் ஹாரனிலேயே சொல்லிவிடும்.

அந்த ஓரம் எப்படி இருக்கிறது என்று யாராவது இறங்கிப் பார்த்திருக்கிறார்களா? மணல். சாலை மட்டத்துக்குச் சேராத வடிகால் மூடி. கேபிள் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம். வரிசையாக நிறுத்திய கார்கள். யூ டர்ன் வரை போகச் சோம்பல்பட்டு எதிரே வரும் பைக்குகள். காருக்கு அது ஒரு குலுக்கல், அவ்வளவுதான். சைக்கிளின் ஒல்லி டயர் மணலில் சறுக்கினால் ஆள் விழுவது உங்கள் சக்கரத்துக்கு முன்னால். அதனால்தான் ஓரத்தை விட்டு இரண்டு மூன்று அடி தள்ளி ஓட்டுகிறோம். திமிர் இல்லை.

முந்தும்போது இடைவெளி விடச் சொல்வதும் இதற்காகத்தான். பள்ளம் வந்தால் சைக்கிள் சட்டென்று வலப்பக்கம் ஒதுங்கும். பிரிட்டனின் சாலை விதிகளில் 2022 முதல் இதற்கு அளவே சொல்லியிருக்கிறார்கள்: மணிக்கு 30 மைல் வேகம் வரை குறைந்தது ஒன்றரை மீட்டர், அதற்கு மேல் போனால் இன்னும் அதிகம். நம் ஊர்த் தெருவில் அவ்வளவு இடம் எங்கே என்பீர்கள். சரி, இடமில்லை என்றால் முந்தாதீர்கள். ஈசிஆரில் இடம் இருக்கிறதே, அங்கேயும் ஏன் உரசிக்கொண்டு போகிறீர்கள்?

இன்னொன்று கார்க் கதவு. ஓலாவோ ஊபரோ நின்றதும் பின் சீட்டில் இருப்பவர் போனைப் பார்த்தபடியே இடப்பக்கக் கதவைத் திறப்பார். சைக்கிள் வருவது அந்தப் பக்கத்தில்தான். நெதர்லாந்தில் ஒரு பழக்கம் உண்டு: கதவை அதற்குப் பக்கத்துக் கையால் திறக்காமல் மறு கையால் திறப்பது. இடப்பக்கக் கதவென்றால் வலது கை. அப்படித் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் போகும். பைசா செலவில்லை.

எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இருட்டில் லைட் இல்லாமல் வருவது, காதில் இயர்போன், ராங் சைடு. ஒரு காலத்தில் டைனமோ எரியவில்லை என்றால் போலீஸ் பிடிக்கும். இப்போது சில நூறு ரூபாய்க்குப் பின்பக்கச் சிவப்பு விளக்கு கிடைக்கிறது, பத்தாயிரங்களில் சைக்கிள் வாங்கியவர்கள்கூட மாட்டுவதில்லை. ஞாயிறு காலை ஈசிஆரில் மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் அரட்டை அடித்தபடி போகும்போது பின்னால் வரும் டிரைவருக்கு எரிச்சல் வந்தால் நான் அவர் கட்சி.

ஆனால் எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு. ஹெல்மெட்டும் விலை உயர்ந்த சைக்கிளுமாகப் போனால் "சார், கொஞ்சம் ஓரமா" என்கிறார்கள். நைட் ஷிப்ட் முடிந்து அழுக்குச் சைக்கிளில் வீடு திரும்பும் வாட்ச்மேனுக்கு அதே ஆள் "யோவ், வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்கிறார். பழைய சைக்கிளை ஆசைக்காக ஓட்டுவதில்லை அவர். அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளுக்கும் விலையில்லா சைக்கிள் கொடுக்கிறோம். கொடுத்துவிட்டு, லாரி ஓடும் சாலையில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கும் மண்ணில் ஓட்டச் சொல்கிறோம். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று சென்னை மாநகராட்சி 2014லேயே தனிக் கொள்கை நிறைவேற்றியது. சாலையில் அவர்களில் ஒருவர்கூடச் சாகக் கூடாது என்பது அதன் இலக்குகளில் ஒன்று. அது ஏட்டில் பத்திரமாக இருக்கிறது.

"ரோடு டாக்ஸ் கட்டுறியா?" என்று கமென்ட்டில் ஒருவர் வருவார், தெரியும். நாங்கள் ஓட்டுவது பெரும்பாலும் மாநகராட்சித் தெருவில், அதற்குச் சொத்து வரி கட்டுகிறோம். அப்புறம், வண்டியின் சக்கர அச்சின் மேல் பாரம் இருமடங்கானால் சாலைக்குச் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு என்பது சாலைப் பொறியாளர்களின் கணக்கு. வரிக் கணக்கு பேசுவதென்றால் அதையும் சேர்த்தே பேசலாம், வாங்க.