1017ஐ எங்கே வைப்பது?
ஒரு கட்டுரை படித்தேன்: ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரில் வரும் விண்வெளிக் கப்பல்களின் எண்ணில் முதல் இரண்டு இலக்கம் வகையாம், அடுத்த இரண்டு அந்த வகையில் எத்தனையாவது கப்பல் என்பதாம். கட்டுரை சொல்வது வடிவமைப்பாளர் மேட் ஜெஃப்ரீஸின் கணக்குதான்: 17ஆவது வடிவமைப்பு, அதில் முதல் கப்பல், எனவே தொடரின் முக்கியக் கப்பலான எண்டர்பிரைஸ் 1701. சரி, 1967இல் வந்த கதையில் அதே வகைக் கப்பலான கான்ஸ்டலேஷனுக்கு 1017 எப்படி? கடையில் விற்ற பிளாஸ்டிக் மாடலோடு வந்த 1701 ஸ்டிக்கரில் இலக்கங்களை இடம் மாற்றி ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். அதையே 1710 என்று ஒட்டியிருந்தால் வம்பே இல்லை! அப்புறம் வாயேஜர் என்ற இன்னொரு கப்பல், அதன் எண் 74656. ஐந்து இலக்கத்தை எந்த இடத்தில் வெட்டுவீர்கள்? பதிவான வரிசையில் ஏறிக்கொண்டே போகும் எண் என்று வைத்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. 1017ஐ மட்டும், பழைய கப்பலைப் புதுப்பித்தார்கள் என்று சொல்லிச் சமாளிக்கலாம்.