எல்லாக் கட்டளைக்கும் முன்னால் சுடோ எழுதாதீர்கள்

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் சர்வர் வழிகாட்டி என்று ஒரே ஒரு நீளமான பக்கம் இருந்தது. அதில் எந்தக் கட்டளையை எடுத்தாலும் முன்னால் சுடோ நிற்கும், அதாவது லினக்ஸில் ஒரு கட்டளையை நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டச் சொல்லும் சொல். லாக் பார்க்க சுடோ, டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்க சுடோ, புதிய கோடை இறக்கும் கிட் புல் செய்யவும் சுடோ. புதிதாகச் சேர்ந்த பையன் அதில் இருந்தபடியே செய்தான், கிட் இறக்கிய கோப்புகளெல்லாம் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் பெயரில் போய் உட்கார்ந்துகொண்டன, மறுநாள் வழக்கமான கணக்கில் புல் செய்தால் பெர்மிஷன் டினைடு. அவசரத்தில் இன்னொருவர் மொத்த ஃபோல்டருக்கும் 777, அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், ஓட்டலாம் என்ற அனுமதியைக் கொடுத்துவிட்டார். திட்டு வாங்கியது அந்தப் பையன். தப்பு அந்தப் பக்கத்தை எழுதிய எங்களுடையது என்று அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, இன்னும் உறுத்துகிறது.

எந்தக் கட்டளை யாருக்கு என்று பிரித்து எழுதுவது புது யோசனையே இல்லை. 1971 நவம்பரில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய யூனிக்ஸின் (லினக்ஸுக்கு முன்னோடியான இயங்குதளம்) முதல் கையேடே பகுதி பகுதியாகத்தான் இருந்தது, நிர்வாகிக்கான கட்டளைகள் பின்னால் வந்த பதிப்புகளில் எட்டாம் பகுதிக்குப் போயின. இன்றைய லினக்ஸிலும் மேன் பக்கத்தின், அதாவது ஒவ்வொரு கட்டளைக்குமான கையேட்டுப் பக்கத்தின், தலையில் 1 என்றிருந்தால் எல்லோருக்குமான கட்டளை, 8 என்றிருந்தால் நிர்வாகிக்கானது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் இதற்கு நல்ல உதாரணம். நம் வேலைகளைப் பதிந்துவைக்கும் கிரான்டேப் 1-இல் இருக்கிறது, பின்னணியில் ஓடும் கிரான் 8-இல் இருக்கிறது.

ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். கோப்பின் உரிமையாளரை மாற்றும் சிஹெச்ஓன் 1-இல் இருக்கிறது, லினக்ஸில் ரூட் அதிகாரம் இல்லாமல் வேறு ஆள் பெயருக்கு மாற்ற விடாது. நெட்வொர்க் முகவரி காட்டும் ஐபி கட்டளை 8-இல் இருக்கிறது, பார்ப்பதற்கு யாருக்கும் தடையில்லை. பாஸ்வேர்டு மாற்றும் கட்டளையோ இரண்டுங்கெட்டான்: என்னுடையதை நான் மாற்றலாம், உங்களுடையதை மாற்ற ரூட் வேண்டும். அதனால் கட்டளையை வைத்துப் பிரிக்காமல் செய்யும் வேலையை வைத்துப் பிரிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. 'ஐபி: பார்க்க யாரும், மாற்ற நிர்வாகி' என்று ஒரு வரி போதும்.

சிஸ்கோ ரவுட்டரில் வேலை பார்த்தவர்களுக்கு இது கண்ணில் பழகிய விஷயம். சாதாரண நிலையில் கட்டளை வரியின் தொடக்கத்தில் > தெரியும், எனேபிள் போட்டு உள்ளே போனால் # தெரியும், எந்தக் கட்டளை எந்த நிலையில் ஓடும் என்று கையேட்டிலேயே இருக்கும். லினக்ஸ் பக்கமும் சாதாரணக் கணக்குக்கு $, ரூட்டுக்கு # என்ற வழக்கம் இருக்கிறது. நாம்தான் காப்பி பேஸ்ட்டுக்கு இடைஞ்சல் என்று அதை அழித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் சுடோ போட்டுவைக்கிறோம்.

'சுடோ போட்டால் எல்லாம் ஓடுமே, எதற்குப் புதியவர்களைக் குழப்ப வேண்டும்' என்று கேட்பவர்கள் உண்டு. சுடோ அனுமதியே இல்லாத ஒருவர் அந்தப் பக்கத்தைப் படித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு சர்வீஸ் (பின்னணியில் ஓடும் நிரல்) ஓடுகிறதா என்று சிஸ்டம்கண்ட்ரோல் ஸ்டேட்டஸ் (systemctl status) போட்டு அவரே பார்க்கலாம், அதற்கு எந்த அதிகாரமும் வேண்டாம். ஆனால் பக்கத்தில் சுடோ இருப்பதால் தன்னால் முடியாது என்று நினைத்து, டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருப்பார்.

இன்னொன்று, குழு வழியாக வரும் அதிகாரம். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் சிஸ்டம் லாக் முழுவதையும் படிக்க ஏடிஎம் (adm) என்ற குழுவில் சேர்த்தால் போதும், சுடோ தேவையில்லை. ஆனால் நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருளான டாக்கரின் குழுவில் ஒருவரைச் சேர்ப்பது அவர் கையில் ரூட்டையே கொடுப்பதற்குச் சமம், டாக்கரின் சொந்த ஆவணமே இதை எச்சரிக்கிறது. டாக்கர் நிறுவும் முறையைத் தமிழில் எழுதுகிறவர்கள் பலர் சுடோ அடிக்கும் சிரமம் குறையும் என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த எச்சரிக்கையை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்போது நான் எந்த வழிகாட்டி எழுதினாலும், சுடோ அனுமதி இல்லாத ஒரு கணக்கில் நுழைந்து ஒவ்வொரு வரியையும் ஓட்டிப் பார்க்கிறேன். மறுத்தால் மட்டும், ஏன் மறுத்தது என்று பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் சுடோவைச் சேர்க்கிறேன். ஒரு மதியம் முழுக்கப் போய்விடுகிறது, போகட்டும்.