பக்கவிளைவே இல்லாத மூலிகை எது?

"மூலிகைதானே, பக்கவிளைவே கிடையாது" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பைசாந்திய (அதாவது கிழக்கு ரோமப் பேரரசின்) மருத்துவர் நினைவுக்கு வருகிறார். டிரால்லஸ் ஊர் அலெக்சாண்டர், 6ஆம் நூற்றாண்டுக்காரர். அந்தப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஹாகியா சோபியா தேவாலயத்தை வடிவமைத்த ஆந்தேமியஸ் இவருடைய கூடப்பிறந்தவர். அவர் எழுப்பிய கோயிலை இன்றும் உலகமே அண்ணாந்து பார்க்கிறது. இவர் கீல்வாதம் பற்றி எழுதியதைப் படிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கவுட் என்று டாக்டர்கள் சொல்லும் அந்தக் கீல்வாதம் பைசாந்தியத்தில் அரண்மனை வரை புகுந்த நோய். 11ஆம் நூற்றாண்டில் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் பேரரசரின் விரல்கள் முறுக்கிக்கொண்டதையும், குதிரையில் போகும்போது அவர் விழாமல் ஆட்கள் இருபுறமும் தாங்கிக்கொண்டு நடந்ததையும் அவருடைய அரசவையில் இருந்த பிசெல்லோஸ் எழுதிவைத்திருக்கிறார்.

பைசாந்தியர்கள் பழைய கிரேக்க நூல்களைப் படியெடுத்தவர்கள், அவ்வளவுதான் என்று ஓர் ஏளனம் நெடுநாளாக உண்டு. படியெடுத்தார்கள் என்பது உண்மை. கி.பி. 512 வாக்கில் ஜூலியானா என்ற இளவரசிக்காகக் கான்ஸ்டான்டிநோபிளில் உருவான, டயஸ்கோரிடஸ் என்ற கிரேக்க மருத்துவருடைய மூலிகை நூலின் படியில் ஏறக்குறைய 400 செடிகளுக்கு முழுப்பக்க ஓவியங்கள் இருக்கின்றன. பிற்காலத்தில் அரபியிலும் எபிரேயத்திலும் அவற்றின் பெயர்களை எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். அலமாரியில் பூட்டிவைத்த புத்தகத்தில் யாரும் இப்படிக் கிறுக்க மாட்டார்கள். இப்போது அது வியன்னாவில் இருக்கிறது.

ஆனால் கோல்சிக்கம் என்ற ஒரே கிழங்கை எடுத்துப் பாருங்கள், அந்த ஏளனம் நிற்காது. முதல் நூற்றாண்டின் டயஸ்கோரிடஸ் அதை விஷமாகத்தான் எழுதினார். காளானைப் போல் தொண்டையை அடைத்துக் கொல்லும். இனிப்பாக இருப்பதால் தெரியாதவர்கள் தின்றுவிடுவார்கள். தின்றுவிட்டால் பசும்பால் குடிக்கக் கொடுங்கள். எச்சரிக்கையோடு முடித்துக்கொண்டார். சுமார் 500 ஆண்டுகள் கழித்து அலெக்சாண்டர் ஹெர்மோடாக்டைல் என்ற கிழங்கைக் கீல்வாதத்துக்குக் கொடுக்கிறார். இது கோல்சிக்கம் இனத்துக் கிழங்கு என்பதே அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து.

எனக்குப் பிடித்தது மருந்தைப் பற்றி அவர் சொல்லும் விதம். வயிறு போகும், வலி உடனே நின்றுவிடும், நோயாளி எழுந்து நடக்க ஆசைப்படுவார் என்கிறார். அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு, கையோடு அதன் கெடுதலையும் சொல்கிறார். வயிற்றைக் காப்பாற்றச் சீரகமும் இஞ்சியும் சேர்க்கச் சொல்கிறார். 7ஆம் நூற்றாண்டில் ஏஜினா தீவின் மருத்துவர் பவுல் இன்னும் கறார். இது வயிற்றுக்கு ஆகாது, குமட்டும், வேலை நெருக்கடியில் இருப்பவர்கள் மட்டும் எடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதிவிட்டார். மருந்துக் கடையில் தரும் காகிதத்தில்கூட இவ்வளவு பச்சையாக எழுதமாட்டார்கள்!

1820இல் பெல்டியே, காவன்டூ என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் கோல்சிக்கத்திலிருந்து பிரித்தெடுத்த பொருள்தான் கோல்சிசின் என்று பெயர் பெற்றது. இன்றும் கவுட்டுக்கு டாக்டர்கள் எழுதித் தருகிற மாத்திரை அது. வீங்கிய மூட்டை நோக்கி வெள்ளையணுக்கள் படையெடுப்பதை அது தடுக்கிறது. வேலை செய்யும் அளவுக்கும் ஆளைக் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் மில்லிகிராம் கணக்கில் கொடுக்கிறார்கள்.

அதே கோல்சிசின் நம்முடைய செங்காந்தளிலும் இருக்கிறது. ஒட்டன்சத்திரம், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு, விதையை மருந்து உற்பத்திக்காக ஏற்றுமதி செய்கிறார்கள். மாநில மலர் என்று பெருமைப்படுகிறோம். அதன் கிழங்கு ஆளையே சாய்த்துவிடும் என்பதை அந்த வாட்ஸ்அப் அன்பர்களிடம் யார் சொல்வது?

அலெக்சாண்டரைத் தூக்கிப் பிடித்து, "பண்டைய ஞானம் எல்லாம் மெய்" என்று கிளம்புகிறவர்களுக்கும் ஒன்று. கீல்வாதத்துக்கு அதே மனிதர் தாயத்தும் எழுதியிருக்கிறார். குரோசாணி ஓமச் செடியைப் பொழுது சாய்வதற்குள், இடது கையின் இரண்டு விரல்களால், மந்திரம் சொல்லித் தோண்ட வேண்டுமாம். கிழங்கு மாத்திரையாகி இன்றும் கடையில் கிடைக்கிறது, தாயத்தை எந்த மருத்துவரும் எழுதித் தருவதில்லை. இரண்டுக்கும் வயது ஒன்றுதான்.