கோஹினூரை விடுங்கள், கோப்புகளைப் பேசுவோம்

பிரிட்டன் என்றாலே நம் ஆட்களுக்குக் கோஹினூர்தான். ராணி இறந்தாலும் அதே பேச்சு, மன்னர் முடிசூட்டிக்கொண்டாலும் அதே பேச்சு. எனக்கு அந்த வைரத்தின் மேல் பெரிய ஆசை கிடையாது. என் ஆத்திரமெல்லாம் காகிதத்தைப் பற்றியது.

அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த கென்யாவில் நிலத்தைப் பறிகொடுத்த கிக்குயு மக்கள் மாவ் மாவ் என்ற பெயரில் ஆயுதம் எடுத்தபோது, 1952 அக்டோபரில் நெருக்கடிநிலை வந்தது. மாவ் மாவும் கொலைகள் செய்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அரசு செய்தது வேறு கணக்கு: விசாரணையே இல்லாமல் பல்லாயிரம் பேர் முகாம்களில். 1957இல் காலனியின் தலைமை வழக்கறிஞர் எரிக் கிரிஃபித்-ஜோன்ஸ் ஆளுநருக்கே எழுதுகிறார், பாவம் செய்வதென்றால் சத்தமில்லாமல் செய்ய வேண்டும் என்று. 1959 மார்ச்சில் ஹோலா முகாமில் 11 பேரை அடித்தே கொன்றார்கள். முதலில் வெளியே சொன்னது என்ன தெரியுமா? தண்ணீர் வண்டித் தண்ணீரைக் குடித்துச் செத்தார்களாம்.

அப்புறம் பிரிட்டிஷார் காலனிகளை விட்டுக் கிளம்பும் நேரம் வந்தது. 1961இல் லண்டனிலிருந்து உத்தரவு: மேன்மை தங்கிய மகாராணியின் அரசுக்குச் சங்கடம் தரும் எந்தத் தாளும் புதிய அரசின் கைக்குப் போகக் கூடாது. எரித்தால் சாம்பலையும் பொடியாக்க வேண்டும். கடலில் போட்டால் கனமான பெட்டியில் வைத்து, நீரோட்டம் இல்லாத ஆழத்தில் போட வேண்டும். இவ்வளவு பக்குவமாகத் தடயத்தை அழிப்பவனுக்கு, தான் செய்தது என்னவென்று தெரியாதா? "அந்தக் காலத்தில் அது தப்பாகத் தெரியவில்லை" என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்களிடம் நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

எரிக்காததைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். கென்யா 1967லேயே திருப்பிக் கேட்டது, கொடுக்கவில்லை. 2009இல் முகாமில் சித்திரவதைப்பட்ட முதியவர்கள் லண்டனில் வழக்குப் போட்ட பிறகு, 2011இல்தான் ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் 37 முன்னாள் காலனிகளின் கோப்புகள் கிடப்பது வெளியே வந்தது. கிட்டத்தட்ட 8,800 கோப்புகள் என்றார்கள், பிறகு அது இன்னும் கூடியது. அதே வழக்கில் பிரிட்டிஷ் அரசு வைத்த வாதத்தையும் கேளுங்கள்: பொறுப்பெல்லாம் 1963இல் சுதந்திரத்தோடு கென்ய அரசுக்குப் போய்விட்டதாம்! பழி மட்டும் கைமாறும், காகிதம் மாறாது. நல்லவேளை, நீதிபதி அதை ஏற்கவில்லை.

கென்ய ஆட்சியாளர்களும் யோக்கியம் இல்லை. விடுதலைக்குப் பிறகும் மாவ் மாவ் மீதான தடையை 2003 வரை நீக்காமல் வைத்திருந்தார்கள். அதுவரை அந்தக் கிழவர்கள் ஒரு சங்கம்கூட வைக்க முடியாது.

2013 ஜூனில் அப்போதைய பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக் நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்தார். 5,228 பேருக்கு, வழக்குச் செலவும் சேர்த்து, 1.99 கோடி பவுண்டு. அடிமை முறையை ஒழித்தபோது 1833இல் இதே நாடு ஒதுக்கிய நஷ்டஈடு 2 கோடி பவுண்டு, அதுவும் அடிமைகளுக்கு இல்லை, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு. 2023இல் மன்னர் சார்லஸ் நைரோபி போய் ஆழ்ந்த வருத்தம் என்றார். மன்னிப்பு என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை.

சரி, கோப்புகள் இப்போது எங்கே? லண்டனில் கியூ என்ற இடத்தில், தேசிய ஆவணக் காப்பகத்தில், யாரும் போய்ப் பார்க்கலாம். தன் தாத்தாவை எந்த முகாமில் அடைத்தார்கள் என்று தேட நினைக்கும் நைரோபிக்காரர், முதலில் பிரிட்டிஷ் விசாவுக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும்.